முகநரம்பின் வரலாறு – 8: இமைகளுக்கிடையே நான்கு மில்லிமீட்டர்

சென்ற இதழில், 1821-ஆம் ஆண்டு சார்லஸ் பெல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்த கட்டுரையோடு நிறுத்தியிருந்தோம். முகத்தின் ஸ்பரிச உணர்வை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பு ஒன்று, முகத்தை அசைவிக்கும் நரம்பு வேறொன்று என்று அந்த ஸ்காட்லாந்து தேசத்து ரண வைத்தியர் பிரித்துக் காட்டியதும், அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத்தில் அல்-ராஸியும், ‘அர்திதம்’ என்ற பெயரால் நம் நாட்டுச் சரகரும் சுசுருதரும் முகவாத நோயைக் கண்டு எழுதியிருந்தபோதிலும் பெல்லின் பெயரே அதற்கு நிலைத்துப் போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். முகத்தை ஆட்டுவிக்கும் நரம்பு இன்னதென்று தெரிந்துவிட்டது. அது அடியோடு செயலற்றுப் போனால் முகம் என்னவாகும் என்பதும் தெரிந்துவிட்டது. பாதி செயலற்றுப் போனால் என்ன, கால்வாசி மீண்டு வந்தால் என்ன, மீண்டது கால்வாசிதான் என்று எதைக் கொண்டு நிச்சயிப்பது என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு மட்டும் அதற்குப்பின் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அது வெளியே அதிகம் பேசப்படாத பங்கு. ஆகையால் இந்த அத்தியாயத்தைச் சற்று நிதானமாகவே எழுத விரும்புகிறேன்.

தேனிப் பக்கத்தில் எங்கள் மயிலாடும்பாறையில் இலவங்காய் வெடிக்கும் பருவத்தில், ஒரு நாள் காலை வாய் கொப்பளிக்கப் போன என் பெரியம்மாவுக்குத் தண்ணீர் வலப்பக்கத்து உதட்டோரமாகத் தானே வழிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது வாய் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கண் மூடவில்லை. முந்தின இரவு வருசநாட்டுப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததனால் காற்றுப் பட்டுவிட்டது என்று ஊரார் காரணம் சொன்னார்கள். மருந்து வாங்கிக் கொடுத்து மூன்று வாரம் ஆனபிறகு, திண்ணையில் கூடியிருந்த பெண்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. “முந்திக்கு இப்பத் தேவலை மதினி, வாய் நேராயிருச்சுல்ல” என்றாள் ஒருத்தி. “எங்க தேவலை? பேசாம இருக்கையில நேராத் தெரியுது, பேசுனா அப்பிடியேதான் இழுக்குது” என்றாள் இன்னொருத்தி. இருவரும் பார்த்தது ஒரே முகத்தைத்தான். இருவரும் சொன்னது உண்மைதான். இரண்டாம் முறை போன இடத்தில் புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், “போன தடவை இந்தக் கண் எவ்வளவு மூடினது?” என்று கேட்டார். எங்கள் கையிலிருந்த சீட்டில் நோயின் பெயரும் மாத்திரையின் பெயரும் இருந்தனவே ஒழிய அந்தக் கேள்விக்கு விடை இல்லை. “கொஞ்சம் மூடுனுச்சு சார்” என்றேன் நான். அவர் சட்டைப்பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு சிறு அளவுகோலை எடுத்து, “அம்மா, தூங்கப் போற மாதிரி மெதுவாக் கண்ணை மூடுங்க” என்று சொல்லி, மூடாமல் நின்ற இடைவெளியின் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்த்து, சீட்டில் ‘வலது இமை – 4 மி.மீ.’ என்று எழுதினார். அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதன் பலனே இந்த அத்தியாயம்.

கை முடங்கியவனை அளப்பது எளிது. முழங்கை எத்தனை பாகை மடங்குகிறது என்று கோணமானி வைத்துப் பார்க்கலாம். எத்தனை கிலோ தூக்குகிறான் என்று எடைக்கல்லை வைத்தே சொல்லிவிடலாம். கைத்தசைகள் எலும்பிலிருந்து எலும்புக்குப் போய் மூட்டை ஆட்டுவிக்கின்றன. முகத்துத் தசைகளில் மிகப் பல எலும்பில் தொடங்கித் தோலில் முடிகின்றன. ஆட்டுவிப்பதற்கு அங்கே மூட்டு இல்லை. எதிர்த்து இழுத்துப் பார்ப்பதற்குப் பிடிமானமும் இல்லை. காதின் உட்புறம் கபால எலும்பைக் குடைந்து செல்லும் சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குழாய் ஒன்றின் வழியாக, மிகக் குறுகிய இடத்தில் ஒரு மில்லிமீட்டரும் இல்லாத வாசலில் நுழைந்து வெளிப்பட்டு, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, நெற்றிக்கும் கண்ணுக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் கழுத்துக்குமாக ஐந்து கிளைகளாகப் பிரியும் இந்த நரம்பு, ஒரு கிளையில் முழுதும் பிழைத்து மறு கிளையில் முழுதும் அழிந்து போவதும் உண்டு. போதாததற்கு, எந்த மனிதனுடைய முகமும் பிறவியிலேயே இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நலமாயிருக்கும் பக்கம் தன் பலத்தால் வாயைத் தன் பக்கம் இழுத்து, நோயுற்ற பக்கத்தை இருப்பதைவிட மோசமாகக் காட்டும். பேசாமல் இருந்தால் அதே முகம் இருப்பதைவிட நன்றாகத் தோன்றும். திண்ணைப் பெண்கள் இருவரும் மாறுபட்டதில் வியப்பில்லை. தேர்ந்த வைத்தியர்களே இந்த விஷயத்தில் ஒருவரோடொருவர் மாறுபட்டுக் கொண்டுதான் இருந்தார்கள்.

பெல்லுக்குப் பிறகு இந்தத் துறையில் முதல் பெரிய அடியை எடுத்து வைத்தவர் பாரிஸ் நகரத்து டுஷேன். மின்சாரத்தை ஈரமான முனைகள் மூலம் தோலின் மேல் செலுத்தி, முகத்தின் ஒவ்வொரு தசையையும் தனித்தனியே சுருங்கச் செய்து, அந்தச் சுருக்கத்தை அப்போதுதான் தோன்றியிருந்த புகைப்படக் கருவியால் பதிவு செய்து, 1862-இல் மனித முகபாவங்களின் இயக்க முறை பற்றிய தம் நூலை அவர் வெளியிட்டார். முகத்தில் உணர்ச்சி குன்றிய முதியவர் ஒருவர் அவருடைய சோதனைகளுக்குப் பெரும்பாலும் இசைந்து கொடுத்தார். உள்ளத்திலிருந்து எழும் சிரிப்பில் கண்ணைச் சூழ்ந்த தசை சேர்ந்து சுருங்கும் என்பதும், பாசாங்குச் சிரிப்பில் வாய் மட்டுமே அசையும் என்பதும் டுஷேன் கண்டவை. பத்து வருஷங்கள் கழித்து, 1872-இல், உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி எழுதிய டார்வின் இவருடைய படங்களில் சிலவற்றைத் தம் புத்தகத்தில் சேர்த்துக் கொண்டார். ஆயினும் டுஷேன் தொகுத்தது முகத்தின் அகராதி. எந்தத் தசை என்ன செய்யும் என்று அது சொல்லிற்று. எவ்வளவு செய்கிறது என்று அது சொல்லவில்லை.

‘எவ்வளவு’ என்ற கேள்வி வைத்தியர்களை உறுத்தத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். காதுக்குப் பின்புறத்து எலும்பைக் குடைந்து நரம்பின் மேலுள்ள நெருக்கத்தைத் தளர்த்தும் அறுவை வைத்தியம் பரவிய காலம் அது. தம் சிகிச்சையால் நூற்றுக்கு இத்தனை பேர் தேறினார்கள் என்று ஒருவர் எழுதுவார். அறுவை செய்யாமலே அத்தனை பேர் தேறினார்கள் என்று மற்றொருவர் எழுதுவார். ‘தேறினார்’ என்ற சொல்லுக்கு இருவரும் ஒரே பொருளைக் கொண்டார்களா என்று பார்ப்பதற்கு வழியில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1955-இல் ஹாலந்து தேசத்து பாட்மனும் யாங்கீஸும் ஒரு படிவரிசையை வகுத்தார்கள். 1976-இல் ஜப்பானில் யானகிஹாரா, முகத்தைப் பத்து இடங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 40-க்குக் கணக்கிடும் முறையைக் கொணர்ந்தார். இப்படித் தேசத்துக்கு ஒரு முறை, ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை என்று பெருகியபோது, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் காது வைத்தியர் ஜான் ஹவுஸ் 1983-இல் பழைய முறைகளையெல்லாம் ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1985-இல் அவரும் டெரால்ட் பிராக்மனும் சேர்ந்து வெளியிட்ட ஆறு படி முறையே இன்றைக்கும் உலகெங்கும் நோயாளியின் சீட்டில் எழுதப்படுகிறது.

அந்த ஆறு படிகளில் முதற்படி குறையற்ற முகம். ஆறாம் படி சிறு அசைவும் அற்ற முகம். நடுவில் உள்ள நான்கிலும் சாரமான வேறுபாடு மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இருக்கிறது. பிரயத்தனப்பட்டால் கண் முழுதும் மூடுகிறதென்றால் மூன்று. எவ்வளவு முயன்றாலும் மூடவில்லையென்றால் நான்கு. கண்ணால் பார்த்து மதிப்பிடுவதோடு நில்லாமல் இதில் அளவுகோலுக்கும் இடம் வைத்தார்கள். புருவம் எவ்வளவு உயர்கிறது, வாயின் ஓரம் எவ்வளவு விலகுகிறது என்று ஒவ்வொன்றையும் ஒரு சென்டிமீட்டர் வரை கால் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து, இரண்டுக்கும் நாலு நாலாக எட்டுக்கு இத்தனை என்று கூட்டினால், எட்டுக்கு எட்டு பெற்றவர் முதற்படி, ஒன்றும் பெறாதவர் ஆறாம் படி. ஆனால் அநுபவத்தில் பெரும்பாலான வைத்தியர்கள் அளவுகோலை எடுப்பதில்லை; பார்த்த மாத்திரத்தில் ‘மூன்று’ என்றோ ‘நான்கு’ என்றோ எழுதி விடுகிறார்கள். நெற்றி பிழைத்து வாய் விழுந்த முகத்துக்கும், வாய் பிழைத்து நெற்றி விழுந்த முகத்துக்கும் ஒரே எண்ணைப் போடவேண்டி வருவதும் இம்முறையின் குறை.

வேறொரு சங்கடமும் உண்டு. அறுபட்ட நரம்பு திரும்ப முளைக்கும்போது அதன் இழைகள் வழிதவறிப் போவதுண்டு. வாய்க்குப் போகவேண்டிய இழை கண்ணுக்குப் போய்ச் சேர்ந்து, சிரிக்கும்போதெல்லாம் கண் தானே மூடிக்கொள்ளும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகவேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால், சோற்றை வாயில் வைத்ததும் கண்ணீர் பெருகும். அசைவு கூடிவிட்டதென்று மதிப்பெண் போடுபவர், இந்த வேண்டாத அசைவுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டுவிடக் கூடாதல்லவா? 1996-இல் கனடாவின் டொரான்டோ நகரத்தில், சன்னிபுரூக் ஆஸ்பத்திரியின் பெயரால் வழங்கும் முறையை ராஸும் பிராடெட்டும் நெட்ஸெல்ஸ்கியும் வகுத்தபோது இந்தக் கழித்தலைக் கணக்கிலேயே வைத்துவிட்டார்கள். புருவம் உயர்த்துதல், மெல்லக் கண் மூடுதல், வாய் திறந்து சிரித்தல், மூக்கைச் சுளித்தல், உதட்டைக் குவித்தல் என்ற ஐந்துக்கும் போட்ட மதிப்பெண்ணை நான்கால் பெருக்கி, சும்மா இருக்கும்போது தெரியும் கோணலை ஐந்தால் பெருக்கி அதிலிருந்து கழித்து, வேண்டாத அசைவுகளுக்குப் போட்ட மதிப்பெண்ணையும் கழித்தால், 100-க்கு இத்தனை என்று மிஞ்சும். எனக்குத் தெரிந்த அளவில், முகத்தின் துயரத்தை இவ்வளவு நியாயமாகக் கணக்கில் கொண்ட முறை வேறில்லை.

இப்படிப் படிகளை வகுத்ததனால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஸ்காட்லாந்து தேசத்தில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்லலாம். பெல்லின் பெயரால் வழங்கும் இந்த முகவாதம் பலருக்குத் தானாகவே குணமாகிவிடும். கோபன்ஹேகனில் பீட்டர்ஸன் கால் நூற்றாண்டு காலம் சிகிச்சையின்றிக் கவனித்த 1,701 பேரில் நூற்றுக்கு 71 பேர் முழுதும் தேறியதாக 2002-இல் எழுதினார். தானாகத் தேறும் நோயில் மருந்தின் பங்கு எது, இயற்கையின் பங்கு எது என்று பிரிப்பது மிகக் கடினம். அந்த ஸ்காட்லாந்துப் பரிசோதனையில் சல்லிவனும் அவருடைய கூட்டாளிகளும் 551 நோயாளிகளை எடுத்து, நோய் கண்ட 72 மணி நேரத்துக்குள் சிலருக்கு ப்ரெட்னிசோலோன் என்ற மருந்தும் சிலருக்கு அது இல்லாத மாத்திரையும் கொடுத்து, முகங்களைப் புகைப்படம் எடுத்து, எவர் எந்த மாத்திரை தின்றார் என்பதை அறியாத நிபுணர்கள் தனித்தனியே பார்த்து ஆறு படி முறையில் எண் போடும்படி செய்தார்கள். மூன்று மாதத்தில், ப்ரெட்னிசோலோன் தின்றவர்களில் நூற்றுக்கு 83 பேரும் தின்னாதவர்களில் 63.6 பேரும் முழுதும் தேறியிருந்தார்கள்; ஒன்பது மாதத்தில் அது 94.4, 81.6 என்று ஆயிற்று. 2007-இல் வெளிவந்த இந்த முடிவுதான், முகவாதம் கண்டவர்களை மூன்று நாளுக்குள் வைத்தியரிடம் கொண்டு போகவேண்டும் என்ற இன்றைய விதிக்கு உறுதியான ஆதாரமாக இருக்கிறது. காற்றுப் பட்டதென்று ஒத்தடம் கொடுத்துக் கொண்டே ஒரு வாரத்தைக் கழித்துவிடும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் படிகள் வகுக்கப்படுவதற்கு வெகு காலம் முன்பே, தமிழ்நாட்டில் முகநரம்பின் ஒரு கிளையை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டிருந்தவர்கள் தொழுநோய் வைத்தியர்கள். அந்த நோயின் கிருமி உடம்பின் குளிர்ந்த பாகங்களை நாடும் சுபாவமுடையது. தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளையே அது பற்றுகிறது. காதின் முன்னிருந்து கிளம்பிக் கன்ன எலும்பின் மேலாகக் கண்ணுக்குப் போகும் முகநரம்புக் கிளை, எலும்புக்கும் தோலுக்கும் நடுவே அதிக மறைவின்றிப் போகிறது. கன்னத்தில் ஒரு படை தோன்றி, அது திடீரென்று சிவந்து வீங்கும்போது, அதன் கீழே ஓடும் இந்தக் கிளையும் சேர்ந்து வீங்கி நசிந்து, இமை தளர்ந்துவிடுகிறது. கிரேக்கர் இந்நிலையை முயலின் பெயரோடு சேர்த்து ‘லாகாப்தால்மோஸ்’ என்றார்கள். முயல் கண்ணைத் திறந்தபடி உறங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சாதாரண முகவாதத்தில் கண் மூடாவிட்டாலும் தூசி விழுந்தால் உறுத்தும். நோயாளி கையால் பொத்திக் கொள்வார், மருந்து போடுவார். தொழுநோயிலோ, கருவிழிக்கு உணர்வு கொடுக்கும் ஐந்தாம் கபால நரம்பும் பல சமயங்களில் மரத்துப் போகிறது. மூடாத கண், மூடவில்லை என்று அறியாத கண். அது உலர்கிறது, புண்ணாகிறது, வெண்மை படர்கிறது. வலி என்ற காவலாளி இல்லாததனால் பார்வை போனபிறகே விஷயம் தெரிகிறது. ஏற்கெனவே கையிலும் காலிலும் ஸ்பரிசம் இழந்த ஒருவருக்குக் கண்ணும் போய்விட்டால், குருடர்களுக்கெல்லாம் உதவும் தொடுவுணர்ச்சியும் அவருக்கு உதவாது. இதைவிடக் கொடிய தனிமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கொல்லிமலையில் 1914-இல் ஓர் ஆங்கிலப் பாதிரியார் தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றும் அறுவையை அங்கே தொழுநோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கிய கதை பலர் அறிந்தது. அவருடைய மனைவி மார்கரெட் பிராண்டு கண் வைத்தியர். தொழுநோயாளிகளின் கண்ணைக் காப்பதையே தம் பணியாக்கிக் கொண்டவர். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதே ஆண்டு செங்கல்பட்டுத் திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் போதனை ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. கையில் கற்ற பாடத்தைக் கண்ணுக்கும் செய்து பார்த்தார்கள். நெற்றிப்பொட்டில் கை வைத்துப் பல்லைக் கடித்தால் ஒரு தசை திரள்வது தெரியும். அது சவைப்பதற்கான தசை. அதை ஆள்வது ஐந்தாம் நரம்பாகையால், ஏழாம் நரம்பான முகநரம்பு அழிந்தாலும் அது பிழைத்திருக்கும். அதில் ஒரு கீற்றைப் பிரித்து, அதன் உறையை இரண்டு நாடாக்களாக்கி, தோலுக்கடியில் மேலிமையிலும் கீழிமையிலும் செலுத்தி, மூக்கின் பக்கத்தில் முடிந்துவிட்டால், பல்லைக் கடிக்கும்போதெல்லாம் கண் மூடும். ஹாரல்டு கில்லீஸ் என்ற ரண வைத்தியர் 1930-களில் காட்டிய வழியையொட்டியது இது. அறுவை முடிந்தபிறகு, கண்ணை ஈரமாக வைத்துக்கொள்ள இத்தனை நேரத்துக்கு ஒரு முறை பல்லைக் கடிக்க வேண்டும் என்று நோயாளிகள் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. இமைக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து இமைத்த மனிதர்கள் அவர்கள்.

அறுவைக்கு முன்னும் பின்னும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், மெல்ல மூடும்போது எத்தனை, இறுக மூடும்போது எத்தனை, பல்லைக் கடிக்கும்போது எத்தனை என்று எழுதி வைத்தால் ஒழிய, அந்த அறுவையின் பலனை ஒருவர் மற்றொருவருக்குச் சொல்ல முடியாது. ஆகவே அளவுகோல் முதலில் அறுவை அறையில் அவசியமாயிற்று. பிறகுதான் அது கிராமத்துக்குப் போயிற்று. என் அபிப்பிராயத்தில் அதுவே இந்த வரலாற்றின் உயர்ந்த கட்டம். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்து, 1983 முதல் இந்தியாவின் தேசியத் திட்டம் அதை மேற்கொண்டபோது, கிருமியைக் கொல்வதற்கு வழி பிறந்துவிட்டது. நரம்பைக் காப்பதற்கு வேறு வழி வேண்டியிருந்தது. நரம்பு வீங்கி ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால், படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கும் ப்ரெட்னிசோலோனால் பல பேருக்கு இமையின் பலம் மீளும். அதற்குப்பின் கண்டால் அறுவைதான். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டியவர் ஆஸ்பத்திரி நிபுணர் அல்லர்; மாதந்தோறும் சைக்கிளில் வந்து மருந்துப் பட்டையைக் கொடுத்துப்போகும் தொழுநோய்ப் பணியாளர். அவரிடம் இருக்கக்கூடியதெல்லாம் ஓர் அட்டையும் ஓர் அளவுகோலும். ‘தூங்குவது போல் மூடுங்கள்’, ‘இப்போது இறுக மூடுங்கள்’ என்ற இரண்டே கட்டளைகள். முதலாவதில் மூடாத இடைவெளி மில்லிமீட்டரில். இரண்டாவதில், விரலால் இமையை மெல்லப் பிரிக்க முயன்றால் எதிர்த்து நிற்கிறதா, தளர்ந்து கொடுக்கிறதா, அசையவே இல்லையா என்று பலம், பலவீனம், செயலின்மை என மூன்றில் ஒன்று. சென்ற மாதம் பூஜ்யம், இந்த மாதம் இரண்டு என்று அட்டையில் விழுந்தால், நோயாளி தமக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னாலும் அவரை வைத்தியரிடம் அனுப்பியாக வேண்டும்.

அந்த இரண்டு கட்டளைகளையும் எப்போதும் அதே வார்த்தைகளில் சொல்லவேண்டும் என்று பயிற்சியில் வற்புறுத்துவதன் காரணம் எளிதில் விளங்கும். ஒரு மாதம் ‘மெல்ல’ என்றும் மறுமாதம் வெறுமனே ‘மூடு’ என்றும் சொன்னால், முகம் மாறாமலே எண் மாறிவிடும். அளவில் பாதி அளவுகோலில் இருக்கிறது. மறுபாதி சொல்லில் இருக்கிறது. இடைவெளி ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் அறுவையைப் பற்றி யோசிப்பது வழக்கம். இமை மூடாமை கண்ட நோயாளியை உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஊனப் படிகளில் மிகக் கடுமையான இரண்டாம் படியில் சேர்க்கிறார்கள்.

எங்கள் வட்டாரத்துக்கு இவை கேள்விப்பட்ட செய்திகள் மட்டும் அல்ல. மயிலாடும்பாறையிலிருந்து மலையிறங்கிக் கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாகப் போனால் எட்டும் ஆண்டிபட்டியில் ஆரோக்கிய அகம் என்ற தொண்டு நிறுவனம் தொழுநோயாளிகளுக்காகவே தொடங்கப்பட்டது. இந்தியா முழுவதற்கும் சேர்த்து, தொழுநோய் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகிவிட்டது என்று 2005 டிசம்பரில் கணக்கு வந்தபிறகு, வீடு வீடாக வந்து முகத்தைப் பார்க்கும் அந்தப் பணியாளர்களை ஊர்கள் மெல்ல மறந்து வருகின்றன. நோய் முற்றும் மறையவில்லை. இமையை அளக்கத் தெரிந்த கைகள் குறைகின்றன என்பது எனக்கு மெய்யான கவலை.

அளவுகோலுக்கு எட்டாத இடமும் உண்டு. முகவாதம் கண்ட முதல் வாரத்தில் இரண்டு நோயாளிகளின் முகமும் ஒரே மாதிரி அசைவற்றுக் கிடக்கும். ஒருவருக்கு நரம்பு வெறுமனே திகைத்து நிற்கிறது, மற்றவருக்கு இழைகள் மடிந்துகொண்டிருக்கின்றன. வெளித்தோற்றத்தில் இருவருக்கும் ஆறாம் படிதான். 1850-இல் தவளையின் நாக்கு நரம்பை அறுத்து, அறுபட்ட இடத்துக்கு அப்பால் உள்ள இழை எப்படிச் சிதைகிறது என்று கண்ட அகஸ்டஸ் வாலரின் ஆராய்ச்சி இங்கே கைகொடுத்தது. சிதைவு முற்ற இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகையால் மூன்று நாள் கழித்து, காதின் கீழே நரம்பு வெளிப்படும் இடத்தில் மின்தூண்டல் கொடுத்து, தசையில் எழும் மின்னலையின் உயரத்தை இரு பக்கமும் ஒப்பிட்டால், எத்தனை பங்கு இழைகள் மடிந்தன என்று தெரியும். சூரிச் நகரத்தில் எஸ்லனும் ஃபிஷும் 1970-களில் வளர்த்த பரிசோதனை இது. இரண்டு வாரத்துக்குள் நூற்றுக்கு 90-க்கு மேல் அழிந்துவிட்டதென்றால் தானாக நன்கு மீளும் வாய்ப்புக் குறைவு என்பது இதனால் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளின் நரம்பியல் துறைகளில் இதற்கான கருவி உண்டு. நரம்பின் எதிர்காலத்தைச் சொல்வது இந்த மின்னலை. கண்ணின் இன்றைய ஆபத்தைச் சொல்வது மில்லிமீட்டர். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

கடைசியாகப் புகைப்படம். டுஷேன் கையாண்ட அதே கருவி இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் கண் காது ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் 2018-இல் வெளியிட்ட ‘எமோட்ரிக்ஸ்’ என்ற கணினி நிரல், ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் புருவம், இமை, உதடு ஆகியவற்றின் ஓரங்களைத் தானே புள்ளியிட்டு, தூரங்களை மில்லிமீட்டரில் சொல்லிவிடுகிறது. படத்தில் அளவுகோல் இல்லையே, மில்லிமீட்டர் எப்படி வந்தது என்றால், வயது வந்த மனிதர்களின் கருவிழி வட்டத்தின் விட்டம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறாமல் ஏறத்தாழ 12 மில்லிமீட்டராக இருப்பதனால், அதையே கோலாகக் கொள்கிறார்கள். நோயாளியின் கண்ணிலேயே அளவுகோலைக் கண்டுபிடித்த அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆனந்தம் உண்டாகிறது. ஆனால் நலமான முகங்களைக் காட்டிப் பழக்கிய கணினி, கோணிய முகத்தில் புள்ளிகளை இடம் மாற்றி வைத்துவிடுகிறது என்றும் அவர்களே கண்டார்கள். நோயுற்ற முகங்களைக் காட்டியே அதைப் பழக்க வேண்டியிருக்கிறது.

தேனிப் பக்கத்தில் இன்று ஒருவருக்கு முகம் கோணினால், 2004-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் இருக்கிறது, கண்ணுக்கு ஆபத்து நேர்ந்தால் 1985 முதல் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எங்கள் பெரியம்மாவுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வரவில்லை. பகலில் கண்ணுக்குச் சொட்டு மருந்தும், இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டிவைப்பதுமாக நாட்கள் போயின. பதினைந்து நாளுக்கு ஒரு முறை போனபோதெல்லாம் அந்த டாக்டர் அதே வார்த்தைகளைச் சொல்லி, அதே அளவுகோலைப் பிடித்து, பழைய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதினார். நான்கு என்பது மூன்றாயிற்று; ஒரு முறை மூன்றாகவே நின்றது; பிறகு ஒன்றரை ஆயிற்று. திண்ணையில் விவாதம் அடங்கி, எல்லோரும் சீட்டை வாங்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். எழுத்தறியாத பெரியம்மா, கண்ணை மெல்ல மூடியபடியே, அளவுகோல் பிடித்திருந்த கையின் பக்கம் முகத்தைக் கொடுத்து, “இன்னிக்கு எத்தினி கோடுய்யா?” என்று கேட்டாள்.

(தொடரும்)